கேமராவின் அடியில் சந்தனம்

குன்னத்தூர் கல்யாணத்தில் என் வீட்டுக்காரர் மணமேடைப் படியிலிருந்து விழுந்த அன்றைக்குத்தான் கேமராவுக்கு இன்சூரன்ஸ் போட்டே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். விழுந்தவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். கழுத்தில் தொங்கிய கேமராவை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு விழுந்திருக்கிறார். லென்ஸ் மூடி மட்டும் உருண்டு போய் நாதஸ்வரக்காரர் காலடியில் கிடந்தது. "வயர் தடுக்கிருச்சுங்க" என்று பெண் வீட்டாரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தப் பக்கம் வயரே இல்லை. படி இருந்தது அவர் கண்ணுக்குப் படவில்லை, அதுதான் விஷயம். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வண்டியில் திரும்பி வரும்போது வேறு எதையெதையோ பேசிக்கொண்டு வந்தோம்.

எங்களுக்குத் திருப்பூர் ராயபுரத்தில் ஒரு ஜவுளிக் கடைக்கு மேல் மாடியில் ஸ்டூடியோ. அவர் கல்யாணம் எடுப்பவர், நான் பனியன் எடுப்பவள். பனியன் என்றதும் வெளியூர்க்காரர்கள் ஆண்கள் சட்டைக்குள் போடுவதை நினைத்துக்கொள்வார்கள். எங்கள் ஊரில் பின்னலாடை எல்லாமே பனியன்தான். எக்ஸ்போர்ட் கம்பெனிகளிலிருந்து சாம்பிள் துணி அட்டைப்பெட்டியில் வரும். இஸ்திரி போட்டு, நூல் பிசிறு வெட்டி, வெள்ளைத் திரைக்கு முன்னால் வைத்துப் படம் எடுத்துக் கொடுப்பேன். முகூர்த்த நாளில் நான் அவரோடு கல்யாணத்துக்குப் போவேன். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் அவர் எனக்கு லைட் பிடிப்பார். இரண்டு பேருக்கும் ஒரே மாடல் கேமரா, ஒரே பில்லில் வாங்கியது. தொழிலில் பாடி என்போம், லென்ஸ் இல்லாத வெறும் கேமராவை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

அவருக்குச் சந்தேகம் வராது. அவருடைய பாடியின் அடிப்பாகத்தில் எப்போதும் சந்தனம் இருக்கும். ஆயுத பூஜைக்கு எல்லோரும்தான் கேமராவுக்குப் பொட்டு வைக்கிறோம். நான் மறுநாளே துடைத்துவிடுவேன். கைக்குழந்தைக்குப் போடுகிற வெள்ளை ரோம்பரில் ஒரு தரம் குங்குமம் ஒட்டி, கம்பெனிக்காரர்கள் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். அவரோ இந்த இரண்டு வருடமாகத் துடைப்பதே இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் பழையதன் மேலேயே புதிதாகக் குழைத்து அப்புவார். காய்ந்து காய்ந்து ஒரு கட்டியாக நிற்கும். "முருகனுக்கு நெத்தில வெக்கறாங்க, நீங்க எதுக்கு அடியில வெக்கறீங்க?" என்று கேட்டேன். "மேல வெச்சா லென்ஸ்ல படும் அம்மிணி" என்றார். அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக முருகன் பைத்தியம். வயசாக வயசாக இவருக்கும் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கேலியும் செய்தேன்.

அவருக்குச் சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது. வாயைக் கட்டச் சொன்னால் கேட்கிற ஆளா? கல்யாண வீட்டுப் பந்தியில் போட்டோகிராபருக்கு முதல் ஜாங்கிரி வைத்துவிடுவார்கள், இவரும் மரியாதைக்கு என்று தின்றுவிடுவார். அது கண்ணுக்குள் போய் உட்கார்ந்தது. கோயமுத்தூர் கண் ஆஸ்பத்திரியில் லேசர் வைத்தார்கள், கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொன்னார். இருப்பது எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. "கொஞ்சம் மங்கலா இருக்குது, அவ்வளவுதான்" என்று இவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். அவர் எடுத்த படங்களில் நிறைய கலங்கலாக வர ஆரம்பித்தன. ஆல்பம் போடும்போது அவற்றை ஒதுக்கி, நான் எடுத்ததை வைத்து நிரப்பிக் கொடுத்தேன். ஆல்பத்தைத் தடவிக்கொண்டே "நல்லா வந்திருக்குதில்ல?" என்பார். "உங்க கை ராசிங்க" என்பேன்.

இந்த நேரத்தில்தான் கொடைக்கானல் வேலை வந்தது. ஒரு பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி, குழந்தைகளுக்கான குளிர் காலத் துணி. சித்திரை வெயிலில் வியர்த்து ஊற்ற, கம்பளி மாதிரிப் புசுபுசுவென்ற சட்டையும் தொப்பியும் மேசை நிறையக் கிடந்தன. ஐரோப்பாக்காரனுக்குப் பனி மூட்டத்தில் எடுத்த படம் வேண்டுமாம். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பெண், நல்ல சூட்டிகையான பெண், ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள். போன முறை வந்த போட்டோகிராபரின் கேமரா வேனில் உடைந்து பெரிய தகராறாகிவிட்டதாம். "உங்க எக்யுப்மெண்ட்டுக்கு நீங்களே இன்சூரன்ஸ் வெச்சிருக்கணும் மேடம். அதுல ஆரு ஆபரேட் பண்றாங்களோ அவங்க பேரும் இருக்கணும். பேர் இல்லாதவங்க அங்க கேமராவத் தொடக்கூடாதுன்னு எங்க எம்.டி. சொல்லிட்டாருங்க."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. எத்தனையோ நாளாக அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ற பேரையும் போட்டுரு. கொடைக்கானல் நாந்தான் எடுப்பேன்."

"பனியா இருக்குமுங்க. நடக்க வழியெல்லாம் சறுக்கும்."

"இருக்கட்டுமே. பனிக்குள்ள எல்லாத்துக்குந்தான் மங்கலாத் தெரியும். அங்க நானும் மத்தவனும் ஒண்ணு." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "இத எடுத்துட்டன்னா போதும் அம்மிணி. குன்னத்தூர்ல விழுந்தவன்னு ஊருக்குள்ள பேசறாங்க. போட்டோகிராபர்னு ஒருக்கா சொல்லட்டும்" என்றார். எப்பாடு பட்டாவது அவர் பெயரை அந்தக் காகிதத்தில் ஏற்றிவிட வேண்டும் என்று அப்போதே மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

இன்சூரன்ஸ் என்ன கடையில் தொங்குகிற வாழைப்பழமா, போய்ப் பிய்த்துக்கொண்டு வர? வீட்டு இன்சூரன்ஸ்காரர்களிடம் கேட்டேன். தொழிலுக்குப் பயன்படுத்துகிற சாமான் அதில் வராது என்றார்கள். கடை இன்சூரன்ஸ் கேட்டேன். கடைக்குள் இருக்கும் வரைக்கும் சரி, வாசற்படி தாண்டினால் எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். கேமராவைக் கடைக்குள்ளேயே வைத்து நான் யாரை எடுக்க, சுவரில் இருக்கும் பல்லியையா? பயண இன்சூரன்ஸ் என்று ஒன்று இருந்தது. அதில் பெட்டி தொலைந்தால் துணிமணிக்கு ஏதோ தருவார்கள், கேமராவுக்குக் கிடையாது. ஒரு நம்பருக்குப் போன் போட்டால் ஒரு பெண் இந்தியிலேயே பேசிக்கொண்டு போனாள். கீழே ஜவுளிக் கடையில் மூட்டை தூக்குகிற பீகார்த் தம்பியைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னேன். அவன் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "அக்கா, அவங்க பைக் இன்சூரன்ஸ் போடச் சொல்றாங்க" என்றான். எனக்கு வந்த கோபத்தில் போனை மாடியிலிருந்து வீசியிருப்பேன். அதற்கும் இன்சூரன்ஸ் இல்லை.

கடைசியில் பனியன் கம்பெனிகளுக்குத் தீ விபத்து இன்சூரன்ஸ் போடுகிற ஏஜெண்ட் ஒருவர் கிடைத்தார். எங்கள் வயசுக்காரர், இவருக்குப் பழக்கமானவர், பேச்சில் தேன் ஒழுகும். தூக்கிக்கொண்டு போகிற மிஷின்களுக்கென்று தனியாக ஒரு பாலிசி இருக்கிறதாம். கேமரா, லென்ஸ், லைட் எல்லாம் அதில் வரும், இந்தியா முழுக்கச் செல்லுமாம். தெய்வமே என்று இருந்தது. ஸ்டூடியோவில் உட்கார்ந்து டீயைக் குடித்துக்கொண்டே எதற்கெல்லாம் பணம் வரும் என்று அடுக்கினார்.

"தீப்புடிச்சா வருமுங்ணா. திருட்டுப் போனா, கீழ வுழுந்து ஒடைஞ்சா, வெள்ளத்துல போனா, வண்டி கவுந்தா..."

"அட சாமி, நல்ல வார்த்தையே வராதுங்களா உங்களுக்கு?" என்றார் இவர்.

"எங்க தொழிலே அதானுங்ணா. ஆனா ஒண்ணு, பாத்துக்குங்க. டக்குனு நடந்தாத்தான் வரும். நாள்பட நாள்பட கொஞ்சங் கொஞ்சமாத் தேஞ்சு போறதுக்குக் கெடையாதுங்க."

இவர் கொஞ்ச நேரம் டீ கிளாஸையே கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "அதுக்கு ஆருதான் குடுப்பாங்க" என்றார்.

இரண்டு நாள் கழித்து வந்து பார்ப்பதாக ஏஜெண்ட் சொன்னார். ஒவ்வொரு பாடியையும் கையில் எடுத்து, அடியில் இருக்கிற நம்பரைப் பில்லோடு ஒத்துப் பார்க்க வேண்டும்; போட்டோவும் எடுத்து அனுப்ப வேண்டும். நம்பர் பளிச்சென்று தெரியாவிட்டால் ஆபீஸில் திருப்பிவிடுவார்களாம். அவர் வருவதாகச் சொன்ன அன்று காலையில், இவர் தெருமுனை முருகன் கோயிலுக்குப் போயிருந்த நேரம், நான் கேமராக்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் பாடி சுத்தமாக இருந்தது. அவருடையதைத் திருப்பினால் நம்பர் இருக்கிற இடமே தெரியவில்லை, அத்தனையும் சந்தனம். மனுசனுக்கு இத்தனை பக்தி ஆகாது என்று முனகிக்கொண்டே ஈரத்துணியில் ஊறவைத்து, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்து, பஞ்சில் துடைத்து எடுத்தேன். இரண்டும் கடையிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரி ஆகிவிட்டன. எனக்கே பெருமையாக இருந்தது. மேசையில் கறுப்புத் துணி விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கண்ணுபடப் போகுது என்றுகூட நினைத்தேன்.

இவர் கோயிலிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஏஜெண்ட் வந்து, பில் நகலையும் பேனாவையும் எடுத்துக்கொண்டார். "இடது பக்கம் இருக்கறதிலிருந்து ஆரம்பிக்கலாமுங்க. நீங்க நம்பர் வாசிங்க, நான் டிக் போட்டுக்கறேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு இவர் பக்கம் திரும்பி, சும்மா பேச்சுக்கு, "குன்னத்தூர்ல வுழுந்துட்டீங்களாமாங்ணா? கண்ணு ஏதோ செரியில்லைன்னு சொல்லிக்கிட்டாங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் இவர் முகம் சுண்டிவிட்டது. நான் கையை நீட்டுவதற்குள் இவர் எழுந்து வந்தார்.

"ஆருங்க சொன்னது? தள்ளு புள்ள, நான் வாசிக்கறேன்."

இடது பக்கம் இருந்தது என்னுடைய பாடி. அதை எடுத்துத் திருப்பினார். கட்டைவிரல் அடிப்பாகத்தில் ஓடியது. ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் போனது. அதைக் கீழே வைத்துவிட்டு மற்றதை எடுத்தார். அதிலும் கட்டைவிரல் ஓடியது. மெதுவாக, எதையோ தொலைத்த இடத்தில் தேடுகிற மாதிரி. இரண்டும் வழவழவென்று இருந்தன. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முருகா, இது பக்தி இல்லை. இத்தனை நாளாக அந்தச் சந்தனத்தைத் தடவித்தான் இது தன்னுடையது, இது என்னுடையது என்று தெரிந்துகொண்டிருக்கிறார். அடியில் பொடி எழுத்தில் இருக்கிற நம்பர் எங்கே தெரியப்போகிறது, கேமராவே அவருக்குக் கைக்குத்தான் தெரிகிறது.

வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். அவர் முதலில் எடுத்த பாடியையே மறுபடியும் எடுத்தார். முகத்துக்கு நேராகப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, ஒரு எழுத்து விடாமல் ஒரு நம்பரை வாசித்தார். கணீரென்ற குரல். அது அவருடைய பாடியின் நம்பர். சர்வீஸுக்குக் கொடுக்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆனது. கையில் இருந்தது என்னுடையது.

ஏஜெண்ட் பில்லைப் பார்த்தார். எட்டி, அவர் கையில் இருந்த கேமராவின் அடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த மனுசன் நல்ல மனுசன். பேனாவால் காகிதத்தில் சத்தம் வருகிற மாதிரி ஒரு டிக் போட்டு, "செரியா இருக்குதுங்ணா" என்றார்.

ஆனால் அந்தச் சின்ன இடைவெளியை இவர் கேட்டுவிட்டார். கண் போன பிறகு காது கூர்மையாகிவிட்டது அவருக்கு. கேமராவை மெதுவாகக் கறுப்புத் துணிமேல் வைத்தார். நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். இத்தனை நாள் எங்கள் முன்னால் தடவாமல் உட்கார எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று அப்போதுதான் தோன்றியது.

"செரியா இருக்காதுங்க" என்றார். "நீங்க பெரிய மனசு பண்ணிச் சொல்றீங்க. ஆபரேட் பண்றது ஆருன்னு ஒரு எடம் இருக்குமில்லீங்க, அதுல அவ பேரை மட்டும் போட்டுக்குங்க."

"ஏனுங்க, உங்க பேரும்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"சும்மா இரு. பொய் சொல்லிப் போட்டுட்டு, நாளைக்கு ஒண்ணுன்னா உனக்கு ஒரு பைசா வராது. எழுதிக்குங்க சாமி, அவ பேரை மட்டும்."

ஏஜெண்ட் எழுதிக்கொண்டார். நான் இரண்டு நம்பரையும் வாசித்தேன். போகும்போது அவர் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "வர்றனுங்ணா" என்றார்.

அவர் படியிறங்கும் சத்தம் தேய்ந்தது. பிறகு இவர் கேட்டார்.

"சந்தனத்தத் தொடச்சுப்போட்டயா?"

"நம்பர் தெரியணும்னு..." என்றேன். தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். சொல்லியிருக்கலாமே, என்னிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாமே என்று அழுகைக்கு நடுவிலேயே சண்டையும் போட்டேன். என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். கொஞ்சம் அடங்கியதும் எழுந்து போய், சந்தனத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு வந்து அவருடைய பாடியைத் திருப்பினேன். சந்தனக் கிண்ணத்தில் நீர் விட்ட சத்தத்திலேயே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"எதுக்கு அம்மிணி? இனி ரெண்டும் உன்றதுதான."

பாலிசி வந்தது. கொடைக்கானலுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்றார். நான் விடவில்லை. வேனில் வழியெல்லாம் கேமரா பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வளைவிலும் அதை இறுக்கிப் பிடித்தார். மேலே போய்ச் சேர்ந்தபோது பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியாத அளவுக்குப் பனி. படம் எடுப்பதற்குக் கொஞ்சமாவது விலக வேண்டும். குழந்தைகள் புதுத் தொப்பிகளோடு அவரவர் அம்மாவின் முந்தானைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். மெர்ச்சண்டைசர் பெண் ஆகாயத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் வேன் கதவைத் திறந்து வைத்து, பள்ளத்தாக்குப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பனி ஒரே மூச்சில் விலகிப் போனது. பச்சை மலையும் அதற்கப்பால் இன்னொரு மலையும், மஞ்சளும் சிவப்புமாகக் குழந்தைகளும், எல்லாம் பளிச்சென்று வெளியே வந்தன. வேனில் இருக்கிற, பெரிய லென்ஸ் மாட்டிய இரண்டாவது பாடியை எடுக்க ஓடினேன். என் காலடிச் சத்தம் கேட்டு அவர் திரும்பினார். உள்ளங்கையை வெளியே நீட்டி வைத்திருந்தார்.

"வெய்யல் கையில சுடுது அம்மிணி. பனி இன்னும் வெலகலயா?"

யாரோ அங்கிருந்து "மேடம், சீக்கிரம், லைட் போயிரும்" என்று கத்தினார்கள்.

பனிக்குள் நானும் மத்தவனும் ஒண்ணு என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. "இன்னும் இல்லீங்க" என்றேன்.

"அப்ப எதுக்குக் குளிர்ல நிக்கற? உள்ள வந்து உக்காரு" என்று பையை நகர்த்தி இடம் விட்டார். நான் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெயில் எங்கள் இரண்டு பேர் மேலும் விழுந்துகொண்டிருந்தது. அவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.